தொட்டிக்குள் கேட்ட கூட்ஸ் வண்டி

முடி வெட்டுகிறவர் ஒரு முடிவெடுத்தார். வானமே இடிந்து விழுந்தாலும் இன்றைக்கு அந்த கூட்ஸ் வண்டியைப் பார்த்தே தீருவது. எஞ்சினிலிருந்து கார்டு பெட்டிவரைக்கும். ஒரு பெட்டி விடாமல்.

சும்மா வண்டியில்லை அது. மூன்று கூட்ஸைக் கோத்து ஒரே வண்டியாக விடுகிறார்களாம். முன்னால் ஒரு எஞ்சின், நடுவில் ஒன்று, கடைசியில் தள்ளிக்கொண்டு இன்னொன்று. நேற்று சவரத்துக்கு வந்த ரயில்வே கேட்கீப்பர்தான் காதில் போட்டார். கேட்ட குஷியில் நம்ம ஆள் அவர் மூக்குக்கும் சேர்த்துச் சோப்புப் போட்டுவிட்டார்.

இன்னொரு ஆசையும் உண்டு. இத்தனை வருஷமாகக் கை வலிக்க ஆட்டியும், ஒரு கார்டுகூட அவருக்குத் திருப்பிக் கையாட்டியதில்லை. இன்றைக்காவது ஆட்டமாட்டாரா?

கேட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் வம்பு. போன மாதம் ஒருவருக்குப் பாதி மீசையை எடுத்த நேரத்தில் எண்ணெய் டாங்கர் வண்டி ஊதிவிட்டது. கத்தியை வைத்தார், ஓடினார். பாதி மீசைக்காரர் நேராக வீட்டுக்கு வந்து, வீட்டம்மாவிடம் முகத்தைக் காட்டி நியாயம் கேட்டார். அன்றைக்கே தீர்ப்பு. "இனிமே தண்டவாளப் பக்கம் தலையக் காட்டுனீங்க, அடுத்த பாதி மீசை உங்களோடதுதான்!"

மீசையும் வேண்டும், வண்டியும் வேண்டும். என்ன வழி? மொட்டைமாடி. அங்கே மாடிப்படி அறைக்கு மேலே ஒரு சிமெண்டுத் தண்ணீர்த்தொட்டி, ஏறச் சுவரில் இரும்புப் படி. அதன் தலையில் ஏறி உட்கார்ந்தால் சமவெளி தட்டுமாதிரி கிடக்கும். வண்டி இந்த விளிம்பில் முளைத்து அந்த விளிம்பில் மறைகிறவரை கண்ணைவிட்டு நகராது.

கடைக்கு விடுமுறை. காலையிலேயே மூக்குக்கண்ணாடிக்குச் சோப்புப் போட்டார். கழுவினார், துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். பிறகு குரலில் தேனைத் தடவிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"ஏம்மா, தண்ணித்தொட்டி கழுவி ரொம்ப நாளாச்சே. நானே கழுவிடட்டுமா?"

வீட்டம்மா திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கொஞ்சம் கூடவே பார்த்தாள்.

"யாரு, நீங்களா? தின்ன தட்டைக் கழுவவே ஆள் தேடுற மகராசனா?"

"குடிக்கிற தண்ணிம்மா. சுத்தம் முக்கியமில்லையா?"

"இந்த வார்த்தைக்குத்தானே தவம் கெடந்தேன்! பிரஷ் அங்க இருக்கு. ஏணிய மறக்காதீங்க."

இவ்வளவு சுலபமா! அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். மூடியைத் தள்ளினார். ஏணியை உள்ளே இறக்கிவைத்துவிட்டு, ராஜா மாதிரி மேலே உட்கார்ந்தார்.

வண்டி வரவில்லை. வீட்டம்மா வந்தாள்.

"என்னங்க, காக்கா மாதிரி மேல குந்தியிருக்கீங்க? அழுக்கு உள்ளல்ல இருக்கு?"

"உள்ள... கொஞ்சம் காத்து போகட்டும்னு பார்க்கிறேன்."

"அது போயி ஒரு யுகமாச்சு. நீங்க போங்க."

போனார். அவருக்கு ஒரு கணக்கு. தொட்டி ஒரு மத்தளம். வண்டி தூரத்தில் வரும்போதே அதிரும். அதிர்ந்ததும் ஏணியில் ரெண்டு தாவல். முடிந்தது கதை.

தேய்த்தார். பாசி முகத்தில் தெறித்தது. மேலே தொட்டியின் வாய்வழியாக வீட்டம்மாவின் தலை எட்டிப் பார்த்தது.

"ஏணிக்கு அடியில ஒரே பாசிங்க. நான் தூக்கிப் பிடிக்கிறேன், நல்லா அழுத்தித் தேய்ங்க."

நியாயமாகத்தான் பட்டது. குனிந்து தேய்த்தார். ஏணி மேலே போனது.

அப்போதுதான் தொட்டி அதிர்ந்தது. முதலில் உள்ளங்காலில். அப்புறம் முட்டியில். அப்புறம் பல்லில்!

"ஏணி! ஏணியப் போடு! சீக்கிரம்!"

"அடேயப்பா! யானைக்கூட்டம் மாதிரி வருதுங்க!"

"ஏணிம்மா!"

"கத்தாதீங்க, காதுல விழுது. முன்னால ஒரு எஞ்சின்... இப்போ கரிப் பெட்டியா வருது. முடிவேனான்னு போவுது!"

அவர் குதித்தார். பாசி வழுக்கியது. உட்கார்ந்தார். எழுந்து மறுபடி குதித்தார். தொட்டி முழுக்க தடதடதட. தலைக்கு மேலே ஒரு துண்டு நீலவானம். வண்டி வானத்திலா ஓடும்?

"நடு எஞ்சின் வந்துச்சா?" அழாத குறை.

"வந்துச்சு, வந்துச்சு! சிவப்பா, பளபளன்னு, புதுப்பொண்ணு மாதிரி! அய்யோ, இப்போ காரா அடுக்கிக்கிட்டுப் போறாங்க!"

"கடைசி எஞ்சின்? கார்டு பெட்டி?"

"சும்மா இருங்க, கையாட்டிட்டிருக்கேன்!"

தடதடப்பு தேய்ந்து, மெலிந்து, அடங்கியது. அதற்கப்புறம் சாவகாசமாக ஏணி இறங்கியது. தலையிலிருந்து கால்வரை பச்சையாக ஏறி வந்தார். வெறும் தண்டவாளம் வெயிலில் மினுங்கியது.

"வண்டி வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வண்டின்னா கண்ணாடிய சட்டை நுனியில துடைப்பீங்க. சோப்புப் போட்டீங்கன்னா பெரிய வண்டி. குடும்பம் நடத்துறவளுக்கு இதுகூடத் தெரியாதா? இத்தனை வருஷமா நீங்கதான் பாத்தீங்க. நான் எப்பப் பாக்குறது?"

அவர் முகத்துப் பாசியை வழித்தார். "கார்டு... கையாட்டினாரா?"

"ரெண்டு கையையும் ஆட்டுனாருங்க, தங்கமான மனுஷன்! பச்சைக்கொடி வேற காட்டுனாரு!"

நம்ம ஆள் தொட்டி விளிம்பிலேயே சரிந்து உட்கார்ந்தார். வீட்டம்மா பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அந்த மூலையில இன்னும் கொஞ்சம் பாசி இருக்கு. அப்படியே அடுத்த பெரிய வண்டி எப்போன்னு கேட்டு வைங்க, பரண் ஒட்டடை அடிக்கணும்."