பத்தாயிரம் ஸ்டெப்பு ஒழுக்கம்

ஒழுக்கத்தை மணிக்கட்டில் வார் போட்டுக் கட்டிவிடலாம் என்று உலகத்துக்கே முதலில் காட்டிய பெருமை, கணபதி பகுதியிலுள்ள வீரவேங்கை கால்பந்துக் கழகத்தையே சேரும். கழகத் தலைவர் லட்சுமிநாராயணன் பம்ப்செட் கம்பெனி முதலாளி. மீட்டர் இல்லாத மோட்டாரை அவர் நம்புவதில்லை. ஆகவே பதினோரு ஆட்டக்காரர்களுக்கும் ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்ச் வழங்கினார்.

“தெனமும் பத்தாயிரம் ஸ்டெப்பு ஓடோணும். கொறைஞ்சா டீம்ல இடமில்லீங்க. பந்தை யாரு வேணா உதைப்பாங்க. ஒழுக்கந்தான் முக்கியம்!”

கைதட்டல். அதைத் தொடர்ந்து போண்டா.

போண்டாவைத் தொடாதவர் ஒருவரே. பின்கள ஆட்டக்காரர் இல்யாஸ், வயது முப்பத்தெட்டு. பத்தொன்பது சீசனாக விடிகாலையில் ஓடுகிறவர். இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடி, இருபதாக முடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அவருக்கு இடம் உண்டா என்பதை மார்ச் கூட்டத்தில் வாட்ச் சொல்லும் என்றார்கள். ‘சொல்லட்டும்’ என்று இருந்துவிட்டார்.

மூன்றாம் நாளே முன்கள ஆட்டக்காரன் கிஷன் வந்து நின்றான். இருபத்திரண்டு வயது வேங்கை.

“ஏனுங்ணா, நீங்க எப்படியும் ஓடத்தானே போறீங்க? என்ற வாட்சையும் கட்டிக்கங்களேன். தூக்கம் கெட்டா எனக்கு கோல் வராதுங்ணா.”

“தப்பில்லையா கண்ணு?”

“ஸ்டெப்பு கொறைஞ்சா தூக்கிப்போடுவாங்க. அப்பறம் கோலடிக்க யாருங்ணா இருக்கா?”

இதே நியாயம் மற்ற ஒன்பது பேரிடமும் இருந்தது. ஒரே வாரத்தில் இல்யாஸ் இரண்டு கைகளிலும் முழங்கை வரை ஒழுக்கத்தைக் கட்டிக்கொண்டு ஓடினார்.

“ஏனுங்க, ஓடப் போறீங்களா, வாட்ச் யாவாரத்துக்குப் போறீங்களா?” என்றாள் மனைவி ரிஃபத்.

மார்ச் கூட்டத்தில் கழகச் செயலாளர் அறிக்கை வாசித்தார். பதினோரு பேருக்கும் ஒரே சராசரி: பன்னிரண்டாயிரத்து நானூறு. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுதானுங்க ஒத்துமை! ஆனா ஒண்ணு. பதினோரு மோட்டாரும் ஒரே மாதிரி ஓடுதுன்னா, பழைய மோட்டாரை எதுக்குங்க வெச்சிருக்கோணும்?”

இல்யாஸ் வாயைத் திறந்தார். பத்து வேங்கைகளும் தரையைப் பார்த்தன. கிஷனின் கண்ணில் தண்ணீர். இல்யாஸ் வாயை மூடிக்கொண்டார். ‘ஒழுக்கச் செம்மல்’ பட்டமும் ஒரு சால்வையும் தந்து, வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

“சொல்லிப்போட வேண்டீதுதானுங்க?” என்றாள் ரிஃபத்.

“பத்துப் பசங்க பொழப்பாச்சே!”

மறு வாரம் கழகமே ஆடிப்போனது. அவரவர் கைக்கே திரும்பிய பத்து வாட்சுகளும் படுத்த படுக்கையாகக் கிடந்தன. கிஷன் ஒரு நாளில் ஓடியது இருநூற்றுப் பதினான்கு ஸ்டெப்பு, கட்டிலுக்கும் குளியலறைக்குமாக. காய்ச்சல் ஏதும் பரவுகிறதோ என்று செயலாளர் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் பத்துப் பேரையும் எழுப்பிப் பார்த்துவிட்டு, நல்ல தூக்கம் என்று எழுதிக் கொடுத்தார்.

தலைவர் போனைப் போட்டார்.

“ஏனுங்க இல்யாஸ், என்ன பண்ணிப்போட்டீங்க? நீங்க போனதும் டீமோட ஒழுக்கம் மொத்தமும் காணாமப் போயிருச்சு! கழகச் சொத்தை எடுத்துட்டுப் போறது முறையாங்க?”

“தலைவரே, வாட்சை அங்கயே குடுத்துப்போட்டேனுங்க. என்ற ரெண்டு காலை மட்டுந்தான் கொண்டாந்தேன்.”

“அதைத்தானுங்க கேக்கறேன்! திருப்பிக் கொண்டாங்க!”

“அது இந்த சீசன்ல இருந்து சூலூர் டீமுக்கு ஓடுதுங்க. அங்க வாட்செல்லாம் கெடையாது. ஆளுக்கு ரெண்டு காலு இருக்குதான்னு மட்டுந்தான் பாக்கறாங்க. நம்ம கழகத்துல அந்த ஒண்ணைத்தான் யாரும் எண்ணிப் பாக்கலீங்களே!”