தாடைக்கட்டு

அன்று இன்டர்வியூ என்பதற்காக வேங்கடசுப்ரமணியன் இரண்டாம் முறையும் ஷேவ் செய்தார். பிளேடு தாடையில் ஒரு கீறல் போட்டுவிட்டது. கடுகளவு ரத்தம். துண்டால் ஒற்றிவிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே? மனுஷன் "ஸ்ஸ்" என்று வாய்விட்டார். அங்கேதான் வந்தது வினை.

"ஏன்னா, தொடாதேங்கோ" என்று சமையலறையிலிருந்து ஓடிவந்தாள் மனைவி நாகலக்ஷ்மி.

அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ் மாமிகள் எல்லோருக்கும் இந்த மாதம் முதலுதவி வகுப்பு. சாயங்காலம் பரீட்சை. வீட்டில் யாருக்கு எங்கே அடிபடும் என்று அவள் ஒரு வாரமாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

காயத்தைக் கழுவினாள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தாள். அவர் மஞ்சள்பொடி டப்பாவைக் காட்ட, "அதெல்லாம் காயத்துல அப்பப்படாது" என்றாள். ரத்தம் நின்றது. அதோடு விட்டாளா? காஸ் துணியை வைத்து, பேண்டேஜைத் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். "நாகு, பொணத்துக்குன்னா இப்படிக் கட்டுவா" என்றார் பல்லிடுக்கில்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? டீச்சர் சொன்னபடிதான் கட்டியிருக்கேன். ஒட்டிண்டா பிச்சு எடுத்துடாதேங்கோ, தண்ணி விட்டு ஊற வெச்சு எடுக்கணும்."

அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. கல்யாணத்துக்காகக் காலேஜை விட்டவள், இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் ஏதோ படிக்கிறாள். போன மழைக்காலத்தில் அவர் டைபாய்டில் கிடந்தபோது ராப்பகல் கண்விழித்தவளும் இவள்தான். அவிழ்க்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

ஆனால் பல வருஷமாகத் தள்ளிப்போன பிரமோஷனாயிற்றே. கேள்வி கேட்டால் வாயைத் திறக்க வேண்டாமா?

ஆபீஸ் பஸ்ஸில் ஏறியதும் முன்வரிசையே எழுந்து இடம் கொடுத்தது. கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் கரீம் பாட்சா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், மூக்குல பஞ்சு வைக்க மறந்துட்டாவளா?"

போதாதா? ஆபீஸ் பாத்ரூமில் நுழைந்ததும் கட்டை வெடுக்கென்று இழுத்தார். ஒட்டியிருந்த காஸோடு பொருக்கும் பெயர்ந்து வந்தது. வெள்ளைச் சட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். கைக்குட்டையால் தாடையைத் துடைத்தார். காயம் இன்னும் கிளறிக்கொண்டது. சட்டையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்; சொட்டெல்லாம் சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. வெளியே அவர் பேரைக் கூப்பிட்டார்கள்.

துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று டிபன் பையைத் துழாவினால், தயிர்சாத டப்பாவுக்கு மேலே புதுக் காஸும் பேண்டேஜும் மடித்து வைத்திருந்தாள் மகராசி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் செய்தபடியே கழுவி, அழுத்திப் பிடித்தார். ரத்தம் நின்றது. அவள் கட்டியபடியே உச்சந்தலையில் முடிச்சும் போட்டுக்கொண்டார். பிரமோஷன் போனால் போகிறது, இப்படி ஒருத்தி வாய்த்தாளே, அது போதும் என்று உள்ளே நுழைந்தார்.

பெரிய அதிகாரி அனந்தநாராயணன் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வலது கை, விரல்நுனி முதல் முழங்கை வரை பேண்டேஜ் சுற்றி, கழுத்திலிருந்து தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, எங்கே சார் விழுந்தேள்?" என்றார் வேங்கடசுப்ரமணியன் பல்லிடுக்கில்.

அதிகாரி அந்தத் தாடைக்கட்டையும், சட்டையிலிருந்த ரத்தத்தையும் ஏக்கத்தோடு பார்த்தார்.

"கொடுத்து வெச்சவர் ஓய் நீர். உம்ம ஆத்துல காயம் பட்டப்புறம்தான் கட்டறா."