மடியில் இறங்கிய சிவப்பு

அவசரம் வந்தால் எனக்கு எட்டுக் கை முளைக்கும். மூளை மட்டும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

என் மனைவி செல்வி ராட்டையில் நூல் நூற்பவள். அவள் நூற்றதில் மிஞ்சும் நூல் உருண்டைகள் வீடெங்கும் உருளும். சும்மா இருக்கத் தெரியாத என் கைகளுக்கு அவை அகப்பட்டன. உள்ளங்கை அகலத்தில் ஒரு மரச்சட்டம், நான்கு பக்கமும் குட்டி ஆணிகள். ஆணிக்கு ஆணி நூலைச் சுற்றி, நீள ஊசியால் மேலும் கீழுமாகக் கோத்தால் ஒரு சதுரத் துணி. பெரியார் பேருந்து நிலையத்தில், பல் டாக்டர் வாசலில், எங்கு உட்கார்ந்தாலும் நெய்தேன். (நான் எழுதிய கவிதை எதுவும் இப்படி நான்கு மூலைக்குள் அடங்கியதில்லை.)

தங்கை மகனுக்குக் காதுகுத்து வந்தது. வாய் முந்திக்கொண்டது. "தாய்மாமன் மடியில விரிக்கிற துணிய நானே நெய்து கொண்டாறேன்!"

தங்கை அதைப் பேரையூரில் அவள் புகுந்த வீடு முழுக்கப் பரப்பிவிட்டாள். அவள் மாமியாருக்கு என்மேல் ஏற்கெனவே பெரிய மரியாதை கிடையாது. துணி சொதப்பினால் தலைகுனிவது தங்கைதான்.

ஒன்பதுக்கு ஒன்பதாகச் சேர்த்துத் தைக்க எண்பத்தொரு சதுரம் வேண்டும். காதுகுத்துக்கு முந்தின நாள் காலையில் ஒன்பது குறைந்தது, அதுவும் நட்டநடுவில். நூல் உருண்டை ஒன்றுகூட மிச்சமில்லை. கொடியில் மட்டும், செல்வி புதிதாகச் சாயம் போட்ட சிவப்பு நூல் தொங்கியது.

"ஏங்க, அதுல கைய வச்சிராதீங்க. இன்னும் அலசல."

"காஞ்சிருச்சே."

"காஞ்சா ஆச்சா? ஏழெட்டுத் தண்ணி பாக்கணும்."

அவள் வேலைக்குக் கிளம்பினாள். நான் கொடிக்குக் கிளம்பினேன்.

மறுநாள் குலசாமி கோயிலில் துணியை மடியில் விரித்தேன். வெள்ளை நூலின் நடுவே ஒன்பது சிவப்புச் சதுரம், செம்பருத்தி பூத்ததுபோல. "பரவாயில்லையே தம்பி, அம்புட்டும் கைவேலையா?" என்றார் தங்கையின் மாமியார். தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் ஆயுளின் நல்ல இரண்டு நிமிடம் அதுதான்.

மருமகனுக்கு மொட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி, சொட்டச் சொட்ட என் மடியில் வைத்தார்கள். அவனும் தன் பங்குக்கு வெதுவெதுப்பாகக் கொஞ்சம் சேர்த்தான். ஆசாரி கம்பியை எடுத்தார். என் வெள்ளை வேட்டியில் சிவப்பு மெல்லப் படர்ந்தது.

"ஆத்தி! புள்ளைக்கு ரத்தம் கொட்டுதே!" மாமியாரின் குரலில் கோயில் மணி அதிர்ந்தது. நாலு பேர் ஆசாரியின் சட்டையைப் பிடித்தார்கள்.

"ஐயா, நான் இன்னும் குத்தவே இல்லைய்யா!" கம்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார் அவர்.

தங்கை வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கினார். இடுப்புக்குக் கீழே செக்கச்செவேல். "மச்சான், என்ன மச்சான் இது? வண்டிய எடுக்கச் சொல்லவா?"

சொன்னால் தங்கை மானம் போகும். சொல்லாவிட்டால் ஆசாரி உயிர் போகும்.

"அது... சாயம்."

"என்ன சாயம்?"

"அலசாத சாயம்," என்றாள் செல்வி, பின்னாலிருந்து.

ஆசாரியின் சட்டையை விட்டார்கள். தங்கை துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கடையிலயே வாங்கியிருக்கலாம்லண்ணே." சத்தமில்லாமல்தான் சொன்னாள். அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

மாமியார் பேரனைத் திருப்பிப் பார்த்தார். அவன் கெக்கெக்கே என்று சிரித்தான். அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துத் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் அவளும் சிரித்தாள். நூலில் ஒரு மணி நேரம் நிற்காத சாயம், மருமகன் பின்பக்கத்தில் மூன்று நாள் நின்றது.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். நான் என்ன கொண்டுபோனாலும் அந்த வீட்டு வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் காத்திருக்கும். போன பொங்கலுக்கு வாழைத்தார் கொண்டுபோனேன். மாமியார் அதன் தலையில் தண்ணீரை ஊற்றி, முந்தானையால் ஒரு பழத்தைத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மஞ்சள் நிக்குது. உள்ள கொண்டுபோங்கடி."