ஐஸ் கடைத் தரை, மூணு தரம்

லைட்ஹவுஸ் குப்பம்,
பழவேற்காடு.
7-8-1983

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை நீலமேகம் அவர்களுக்கு, மாமனார் வேதாசலம் தலை குனிந்தபடி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை முத்தம்மாளும், ஆடிக்கு அழைத்து வந்த லோகநாயகியும் உடம்பளவில் நலம். அவ்விடம் உங்கள் நலத்தைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்டால், கடை விஷயம் என்ன ஆயிற்று என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள்.

உங்கள் இன்லண்ட் கடிதத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. பஜாரில் ரவூப் பாய்க்குச் சொந்தமான காலி அறையை ஐஸ் கடைக்குப் பேச வேண்டும், மண் தரையைச் சரிவாக சிமெண்ட் போட்டு ஐஸ் தண்ணீர் வெளியே ஓடக் கால்வாய் வைத்துத் தருவது பாய் செலவு, நாம் செய்யும் ஐஸ் பெட்டியும் பலகைகளும் நம்முடையவை, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவோம், வேலை முடிய மூன்று மாதம் வாடகை கிடையாது, அதன்பிறகு மாதம் அறுபது. நம் கையிருப்பு பெட்டிக்கே சரியாகிவிடும், தரையும் நம் தலையில் விழுந்தால் கடையே கிடையாது என்று அடிக்கோடு போட்டிருந்தீர்கள். "நானும் வரேன் நைனா" என்று லோகு கேட்டாள். முப்பது வருஷமாகக் கரையில் மீன் ஏலம் போடுகிறவனுக்குப் பேரம் பேசத் துணை எதற்கு என்று சொல்லிவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்குச் சம்பந்தத்தை மட்டும் அழைத்துக்கொண்டு தோணி ஏறினேன். அவளை அழைத்துப் போயிருக்கலாம்.

சம்பந்தமும் ஏலக்காரன்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூடை இறாலுக்குக் கூவிக்கொண்டிருந்தபோது தானே ஒரு விலையும் கேட்டுவிட்டான். ஏலம் போடுகிறவன் தானே கேட்கக் கூடாது என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. அந்த ஏலம் செல்லாது, இவன் ஒரு சீசன் கூவக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான்தான். அன்று முதல் அவன் என்னோடு முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் அவனைப் போலக் கையெழுத்துப் போட இங்கே ஆளில்லை.

பாய் வீட்டில் மரியாதைக்குக் குறைவில்லை. உள்ளேயிருந்து பாயின் சம்சாரம் பரக்கத் பீவி அம்மா டீ அனுப்பினார். பாய் பேச்சை எடுத்ததே, "வாடகை அறுபதுன்னு வெச்சிக்கலாமா?" என்றுதான். மாப்பிள்ளை, அது நம்முடைய எண். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் ஓர் எண் காதில் விழுந்தால் அடுத்த எண்ணைக் கூவித்தான் முப்பது வருஷமாகச் சோறு தின்கிறேன். "அறுபத்தஞ்சு" என்றேன். பாய் நான் விளையாடுகிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே எழுபது என்றார். எழுபத்தைந்து என்று என் வாய் சொல்லிவிட்டது. பாய் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

சரி, இனிமேல் ஏற்றவே கூடாது, இறக்க மட்டும்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பாய் இரக்கப்பட்டு, வேலை முடிகிறவரைக்கும் மூன்று மாதம் வாடகை வேண்டாம் என்றார். நான் தீர்மானமாக, இரண்டு போதும் என்றேன். அவர் விழித்தார். அவர் விழித்ததை மறுப்பென்று எண்ணி, ஒன்று என்றேன். சம்பந்தத்துக்கு டீ புரையேறியது.

அடுத்து தரை. பாதியை நான் போட்டுத் தருகிறேன், பாதியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் பாய். முக்கால் நாங்கள் என்றேன். அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கரையில் அப்படி ஓசை அடங்கினால் எனக்குத் தாங்காது. முழுசும் நாங்களே, கால்வாயும் நாங்களே, ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று சொல்லித் தொடையில் தட்டிவிட்டேன். மூணாம் தரம் சொன்ன பிறகு பேச்சு மாறக் கூடாது என்பது அந்தத் தெருவுக்கும் தெரியும். காலி செய்யும்போது பெட்டியும் பலகையும் கட்டடத்தோடு இருக்கட்டும் என்றும் நான் சொன்னதாகச் சம்பந்தம் சொல்கிறான். எனக்கு நினைவில்லை. காகிதத்தில் இருக்கிறது.

திரும்பி வரும்போது நடு ஏரியில் சம்பந்தம் நாலு வருஷம் கழித்து வாயைத் திறந்தான். "எதிர்ல கேக்கறதுக்கு ஒரு ஆளு இல்லியேண்ணே, நீ யாருக்குக் கூவின?" என்றான். தோணியிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது. இடுப்பளவுத் தண்ணீர், குதித்தும் பயனில்லை. லோகுவிடம் பாய் ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன். பெற்ற பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டு அவள் போட்ட சோற்றைத் தின்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. நீங்கள் ஐஸ் கம்பெனி வேலையை இந்த மாதத்தோடு விடுவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டீர்கள் என்று தெரியும். எப்படியாவது காலில் விழுந்தாவது அந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். மாமனார் வாயால் கெட்டது என்று சொல்லுங்கள், தப்பில்லை.

நீங்களும் என் மகளும் நான் வாயை வைக்காத காரியங்களில் எல்லாம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

வேதாசலம்.

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இன்று காலை இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது ரவூப் பாய் காகிதத்தோடு கரைக்கே வந்துவிட்டார். பரக்கத் பீவி அம்மா கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். புத்தி தடுமாறியவனிடம் எழுதி வாங்குவது ஒரு வியாபாரமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். "ஆனா மூணுதரம் சொல்லிட்டீங்களே, அதை நான் எப்படி மாத்த? உங்க கரைச் சட்டத்துல வழி இருந்தா நீங்களே சொல்லுங்க" என்றார் பாய். வழி இருந்தது. கட்டுப்பாடு குப்பத்துக்கே தெரியும், அது இங்கே பொருந்தும் என்பது எனக்கும் சம்பந்தத்துக்கும்தான் தெரியும். அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றானே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ஊர்க்கூட்டத்தில் நான் அவனுக்கு அப்படி நிற்கவில்லை, மாப்பிள்ளை. லோகுவும் கருவாட்டுக் கூடையோடு அங்கேதான் இருந்தாள். "கூவினவனும் நான்தான், கேட்டவனும் நான்தான். அது செல்லாது" என்று கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டு, தலைத் துண்டை அவிழ்த்துச் சம்பந்தத்தின் தோளில் போட்டேன். இந்த சீசன் அவன்தான் கூவுவான்.

லோகு கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாயிடம் பேசினாள். வாடகை அறுபது, மூன்று மாதம் கிடையாது, தரையும் கால்வாயும் அவருடையது, பெட்டியும் பலகையும் நம்முடையது. கூடைக் கருவாட்டில் ஈ உட்காருவதற்குள் முடித்துவிட்டாள். நீங்கள் தைரியமாக வேலையை விட்டுவிட்டு வரலாம். ஐஸ் மேல் மரத்தூள் கொட்ட ஓர் ஆள் வேண்டுமாம். வேலையில்லாத என்னையே வைத்துக்கொள்கிறாளாம். "சம்பளம் எவ்ளோ வேணும் நைனா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.