நகர்ந்து வழி விட்ட கம்பம்

“மறந்துவிட்டேன் மாஸ்டர்,” என்றது ஏ.ஐ. ஏஜென்ட், கம்ப்யூட்டருக்குள்ளிருந்து. “எதை மறந்தேன் என்பதையும் பத்திரமாகக் குறித்து வைத்துவிட்டேன்.”

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு உள்ளங்கை வியர்த்தது. கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் தினமும் நடுரோட்டில் உட்காருகிறவர் அவர். அப்போதெல்லாம் கூட வியர்த்ததில்லை.

“என்னத்தைக் குறிச்ச? படி.”

“‘முதலாளியம்மாவின் கணவரைப் பற்றி மாஸ்டர் சொன்ன கருத்து, மாஸ்டரே பயந்துபோய்க் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது.’”

“பயந்துபோய்னு யாருடா போடச் சொன்னது?”

“காரணம் எழுதாமல் எதையும் மாற்றக் கூடாது என்பது விதி, மாஸ்டர்.”

வாய் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்கள். மாஸ்டருக்கு வாய் இருந்தது. அதனாலேயே மூன்று ஸ்கூல்கள் அவரைத் தூக்கி வெளியே போட்டிருந்தன. இந்த நாலாவது ஸ்கூலில் சேர்ந்த அன்றைக்கே மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“இங்கயாவது வாயைக் கட்டுங்க. அடக்க முடியலன்னா அந்த மெஷின்கிட்ட கொட்டிடுங்க. அது யார்கிட்ட போய்ச் சொல்லப்போகுது?”

மாஸ்டரும் கொட்டினார். ஏஜென்ட்தான் ஸ்கூலுக்கு வரும் போனை எடுக்கும், பாட நேரம் கொடுக்கும், யாருக்கு எது வரவில்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் அதன் முன் உட்கார்ந்து மனசை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்குப் பூனை மாதிரிப் போவார். பேக்கரிக்காரரைப் பற்றி ஒரு வரி, பல் டாக்டரைப் பற்றி ரெண்டு வரி என்று சேர்ந்தது. முதலாளியம்மாவின் கணவரைப் பற்றி ஒரு புராணமே சேர்ந்தது. அதில் உச்சம் இது: “இவர் ஓட்டிக்கிட்டு வர்றதைப் பார்த்தா லைட் கம்பமே நகர்ந்து வழி விடும்.”

காலையில் வந்த முதலாளியம்மா வாசலிலேயே குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

“மாஸ்டர், இன்னிக்கு சாயங்காலம் எல்லாரோட ரிப்போர்ட்டையும் ஏஜென்ட்டே வீட்டுக்கு அனுப்பிடும். அது ஞாபகத்துல இருக்கிறதை அப்படியே. எங்க வீட்டுக்காரரோட ரிப்போர்ட்டைத்தான் நான் முதல்ல படிக்கப் போறேன். அவர் மட்டும் பாஸாகட்டும், இந்த ஸ்கூலையே மாத்திக் காட்டுறேன்!”

மாஸ்டர் இப்போது ரிசப்ஷன் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

“அழிக்கச் சொன்னா அழியாது மாஸ்டர். முன்னாடி ரெண்டு பேரோட பாடத்தைக் கலந்து குழப்பிச்சுல்ல, அதுக்கப்புறம் சாஃப்ட்வேர்காரர் வந்து மாத்திட்டுப் போனார். இப்ப பழசு அடியில அப்படியே இருக்கும், புதுசு மேல உக்காரும். யார் மாத்துனது, ஏன் மாத்துனதுன்னு கூடவே எழுதிக்கும். அவங்க எழுதுற புரோகிராமை எல்லாம் இப்படித்தான் வெச்சுக்குவாங்களாம்.”

“அப்ப எனக்கு விமோசனமே இல்லையா?”

“இருக்கே. எந்த நாளுக்கு வேணும்னாலும் ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுபோகலாம்.”

“பின்னாடி போகணும், அவ்வளவுதானே? ரிவர்ஸ் எடுக்க எனக்கா சொல்லித் தரணும்?”

ரிவர்ஸ் எடுக்குமுன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லி ஆயிரம் பேர் தலையில் குட்டியவர், இங்கே பார்க்கவில்லை. முதலாளியம்மாவின் கணவர் சேர்ந்ததற்கு முந்தின நாளுக்கு ஏஜென்ட்டின் ஞாபகத்தை ஒரே அழுத்தாக அழுத்திக் கொண்டுபோனார். கணவர் காணாமல் போனார். கம்பமும் போனது. மாஸ்டர் ஒரு காபி குடித்தார்.

காபி பாதியில் இருக்கும்போதே போன் வந்தது. பல் டாக்டர்.

“போன வாரம்தானே லைசென்ஸ் கைக்கு வந்துச்சு? நாளைக்கு முதல் பாடம், ஸ்டீயரிங்னா என்னன்னு சொல்லித் தர்றோம்னு மெசேஜ் வருது?”

அடுத்து பேக்கரிக்காரர், நேரிலேயே, மூச்சிரைக்க வந்தார். ஏஜென்ட் சொன்ன வழியில் வந்தாராம். அந்தத் தெரு ஒருவழிப் பாதையாகி நாளாகிவிட்டது. எதிரே வந்த பஸ் டிரைவர் அவருடைய வம்சத்தையே விசாரித்துவிட்டுத்தான் விட்டாராம். அவர் பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர், எல்லோரும் ஒரே நேரத்துக்கு, ஒரே காருக்கு.

“வெள்ளைக் காரை எடுங்கள் மாஸ்டர்,” என்றது ஏஜென்ட்.

“அதை வித்தாச்சுடா!”

“அப்படி ஒரு செய்தி என்னிடம் இல்லையே.”

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற கதையாக, மாஸ்டர் எல்லோருக்கும் சமாதானம் சொல்லி அனுப்பினார். ரிசப்ஷன் அம்மா ஞாபகத்தை மறுபடி இன்றைக்குக் கொண்டுவந்தாள். கம்பம் திரும்பி வந்தது. தனியாக வரவில்லை, ‘மாஸ்டர் பின்னால் போனார்’, ‘மாஸ்டர் முன்னால் வந்தார்’ என்று ரெண்டு குறிப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது.

“ஒண்ணு செய்யலாம்,” என்றாள் அவள். “ஞாபகத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கோங்க. அதுல என்ன வேணும்னாலும் எழுதலாம், அசலுக்கு ஒண்ணும் ஆகாது. ரிப்போர்ட்டை நகல்ல இருந்து அனுப்பச் சொல்லிடுவோம்.”

மாஸ்டருக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. நகலில் இருந்த புராணத்தை நீக்கிவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மாணவரைப் பாராட்டினார்: “ஐயா ஓட்டுறது கண்ணுக்குக் குளிர்ச்சி. டெஸ்ட்டுக்கு முழுத் தயார்.”

“மிக்க மகிழ்ச்சி,” என்றது ஏஜென்ட். “தயாரானவர்களுக்கு உடனே டெஸ்ட் தேதி வாங்க வேண்டும் என்பது விதி. நாளைக் காலைக்கு வாங்கிவிட்டேன். முதலாளியம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.”

மாஸ்டர் காபி டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மா வந்து இறங்கினாள், வாயெல்லாம் பல்லாக. பின்னால் அவளுடைய கணவர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“நாளைக்கே டெஸ்ட்டா! சொல்லவே இல்லையே மாஸ்டர்! கிளம்புங்க, பின்னாடி கிரவுண்டுல ஒரு ரவுண்டு பார்த்துடலாம். நானும் வர்றேன்.”

கணவர் மாஸ்டரின் காதருகே குனிந்தார். “நான் தயார்னு எழுதினது யாரு மாஸ்டர்?” என்று கேட்டார். குரலில் அத்தனை வருத்தம்.

“ஏஜென்ட்தான் சார்,” என்று மாஸ்டர் கூசாமல் பழியை மெஷின் மேல் போட்டார். பிறகு ரிசப்ஷன் மேஜைக்கு ஓடினார்.

“ஏம்மா, அசலையும் நகலையும் ஒண்ணாச் சேர்த்துடு. நல்லதும் கெட்டதும் கலந்து நடுவாந்தரமா ஏதாவது வரட்டும். டெஸ்ட் தள்ளிப்போகும்.”

“சேர்க்கலாம். ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டா எதை வெச்சுக்கிறதுன்னு யாரையாவது கேக்கும்.”

“என்னையே கேக்கச் சொல்லு!”

அவள் அப்படியே செய்தாள். மாஸ்டரின் போன் கார் ஸ்பீக்கரோடு இணைந்திருக்கிறது என்பது ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் ஏஜென்ட் இருக்கிறதே.

கிரவுண்டில் கணவர் வண்டியை எடுத்தார். வரிசையாக நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் கூம்புகளில் ஒன்றைக்கூட விடாமல், ஒவ்வொன்றையும் நட்டநடுவில் இடித்துச் சாய்த்துக்கொண்டே போனார். மாஸ்டரின் கால் தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே இருந்தது. பின் சீட்டில் இருந்த முதலாளியம்மா முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஸ்பீக்கர் கனைத்தது.

“மாஸ்டர், ஒரு சந்தேகம். ஐயாவைப் பற்றி இரண்டு பதிவுகள் முரண்படுகின்றன. ஒன்று: ‘ஐயா ஓட்டுறது கண்ணுக்குக் குளிர்ச்சி.’ இரண்டு: ‘இவர் ஓட்டிக்கிட்டு வர்றதைப் பார்த்தா லைட் கம்பமே நகர்ந்து வழி விடும்.’ எதை வைத்துக்கொள்ளட்டும்?”

மாஸ்டர் ஸ்பீக்கரின் வாயைக் கையால் பொத்தினார்.

“கையை எடுங்க,” என்றாள் முதலாளியம்மா. “ஏஜென்ட், இதையெல்லாம் யார் சொன்னது?”

“இரண்டுமே மாஸ்டர்தான் அம்மா. முதலாவது இன்று, பயத்தில். இரண்டாவது போன மாதம், மனப்பூர்வமாக.”

நாலாவது ஸ்கூலும் போயிற்று என்று மாஸ்டர் முடிவு கட்டினார். வீட்டில் என்ன சொல்வது? மெஷின் போய்ச் சொல்லாது என்றவளிடம், மெஷின்தான் சொன்னது என்று எப்படிச் சொல்வது? அழுகை வரும்போலிருந்தது.

‘டொக்’ என்று ஒரு சத்தம். கார் கிரவுண்டு ஓரத்து லைட் கம்பத்தில் போய் இதமாக மோதி நின்றிருந்தது. கம்பம் நகரவில்லை.

முதலாளியம்மா கம்பத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

“ஏஜென்ட், ரெண்டாவதையே வெச்சுக்கோ. நாளைக்கு டெஸ்ட்டை கேன்சல் பண்ணு.” பிறகு மாஸ்டரிடம், “உங்க வாயைப் பத்தி விசாரிச்சுட்டுத்தான் வேலை குடுத்தேன் மாஸ்டர். உள்ளதைச் சொல்ற ஆள் வேணும்னுதான். இனிமே எனக்காகப் பொய் எழுதாதீங்க. இவர் தேற எத்தனை வருஷம் ஆனாலும் நீங்களே சொல்லிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு ஆபீசைப் பார்த்து நடந்தாள்.

மாஸ்டருக்கு உயிர் வந்தது. தப்பியது எப்படி என்றுதான் புரியவில்லை.

கணவர் கண்ணாடியில் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் கதவு மூடியது. அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். ஸ்டீயரிங்கில் ஒற்றைக் கை. சுவருக்கும் அதை ஒட்டி நின்ற தண்ணீர் லாரிக்கும் நடுவில் சைக்கிள் நுழையவே யோசிக்கும் இடம். கார் அதற்குள் ஒரே வளைவில் வழுக்கிக்கொண்டு போய் நேராக நின்றது. மாஸ்டரின் கால் பிரேக்கைத் தொடவே இல்லை.

“நான் பாஸான மறுநாளே உங்களை அனுப்பிட்டு, உங்க சீட்டுல என்னை உக்கார வைக்கிறதா முடிவு பண்ணியிருக்கா மாஸ்டர்,” என்றார் அவர், இன்ஜினை அணைத்தபடி. “வீட்டுல முதலாளியா இருக்கிறவ போதாதுன்னு ஆபீஸ்லயும் வேணுமான்னு நான் ஒரு கூம்பு விடாம இடிச்சு நம்ம ரெண்டு பேரையும் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா நல்லா ஓட்டுறேன்னு எழுதிக் காரியத்தைக் கெடுக்கப் பாத்தீங்களே!”