இந்த டெர்ம் முடியட்டும்

வீட்டை மாற்றுகிறவர்கள் உண்டு, கட்சியை மாற்றுகிறவர்கள் உண்டு, கொடுத்த வாக்கை மாற்றுகிறவர்கள் ஏராளமாக உண்டு. இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும் ஓர் இனம் நம் நடுவிலேயே உலவுகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. பிள்ளையின் பள்ளியை மாற்றப்போகிறவர்! கவனிக்கவும், மாற்றியவர் அல்லர். மாற்றிவிட்டால் அவரும் நம்மைப்போல் சாதாரண மனிதர். மாற்றப்போகிறவர்தான் அபூர்வம்.

நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான மாதிரி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதிக்க வருகிறவரின் முகவாயைக் கருவியில் பொருத்தி, "அசையாதீங்க சார்" என்று சொல்லி, அவர் தப்பிக்க வழியில்லை என்பது உறுதியானதும், "உங்க பையன் எந்த ஸ்கூல்? கணக்கு எப்படிச் சொல்லித்தராங்க? டீச்சருங்க அடிக்கடி மாறுவாங்களா?" என்று ஆரம்பிப்பார். வந்தவருக்குப் பிள்ளையே இல்லையென்றால்? அண்ணன் பிள்ளை இருக்குமே, விடுவாரா?

சாயங்காலமானால் 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற பலகையைக் கதவில் மாட்டிவிட்டு, வேறொரு பள்ளியின் வாசலில் போய் நிற்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தால் கட்டுப்பாடு இல்லாத பள்ளி. சிரிக்காமல் வந்தால் பிழிந்தெடுக்கிற பள்ளி. சிலது சிரித்தும் சிலது சிரிக்காமலும் வந்தால்தான் ஆபத்து. உள்ளே போய் விண்ணப்பம் வாங்கிவிடுவார். மூன்று வருடத்து விண்ணப்பங்கள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. ஒன்றில் மகளின் படம்கூட ஒட்டியாயிற்று. முன்பல் இரண்டும் விழுந்த படம்.

"வெள்ளிக்கிழமை கடைசி நாளுங்க" என்பார் மனைவி.

"தெரியும். எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யற காரியமா இது? இந்த டெர்ம் முடியட்டும்."

"மூணு வருஷமா இதையேதான் சொல்றீங்க. அந்தப் படத்துல விழுந்த பல்லு முளைச்சே போச்சு."

"அதான் சொல்றேன். புதுப் படம் எடுக்கணும்ல?"

ஆள் கெட்டவரா? சேச்சே! மகள் என்றால் உயிர். நான்காம் வகுப்பில் படிக்கும் அந்த உயிரின் காதுபடவே எல்லாவற்றையும் பேசுகிறார் என்பதுதான் சிக்கல். அவளும் வகுப்பில் போய், "நான் வேற ஸ்கூல் போறேன்" என்று சொல்லிவிடுவாள். முதல் தடவை வகுப்பே அழுதது. வாழ்த்து அட்டை செய்து எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை பாதி வகுப்பு அழுதது. மூன்றாம் தடவை டீச்சரே, "போனப்புறம் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டார். அத்தோடு அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் விழுந்தது: 'போறவ'.

இந்த வாரம் அறிவியல் செய்முறைக்கு ஜோடி சேரச் சொன்னார்கள். சேர்ந்தால் வருடம் முழுக்க அதே ஜோடிதான். முதல் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்த சிநேகிதி யோசித்தாள்.

"நீதான் போறவளாச்சே. பாதியில விட்டுட்டுப் போயிட்டா நான் என்னடி பண்றது? போகலைன்னு வீட்டுல எழுதி வாங்கிட்டு வா. நாளைக்கு வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளோட சேர்ந்துடுவேன்."

நியாயம்தானே? மகள் அன்று பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்து, கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே நோட்டை விரித்து, தானே எழுதி அப்பாவிடம் நீட்டினாள்.

"டீச்சருக்கு. நான் எங்கேயும் போகவில்லை. என் அப்பா யோசிக்கிரார். அது அவர் வளக்கம். என் ஜோடியை யாருக்கும் கொடுக்க வேண்டாம்."

"இதுல ஒரு கையெழுத்துப்பா."

ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகம் மாறியது. மனிதர் உருகிவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மகளும் அப்படித்தான் நினைத்தாள்.

"நாலு வரியில ரெண்டு தப்பு! நாலாவது படிக்கிற பிள்ளைக்கு றகரமும் ழகரமும் வரலை. இதுக்குத்தான் இந்த ஸ்கூலே வேண்டாம்னு தலையால அடிச்சுக்கறேன்!"

"கையெழுத்துப்பா."

"போடறேன்டா கண்ணு. ஆனா இப்பப் போட்டா முடிவு பண்ணின மாதிரி ஆயிடுமே. இந்த டெர்ம்..."

மகள் காகிதத்தை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அம்மா அடுப்பை அணைத்தார், ஈரக்கையைத் துடைத்தார், படித்தார், கையெழுத்துப் போட்டார். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. மறுநாள் காலை அதே பெஞ்சில் அதே இருவர் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அன்று சாயங்காலம் இன்னொரு பள்ளியின் வாசலில் நின்றார், றகரம் நன்றாக வருகிறதா என்று விசாரிக்க.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஒரே ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெண்ணின் கடிதத்தை நீங்களும் படித்தீர்களே, உங்கள் கண் முதலில் எங்கே போய் நின்றது? அவள் கேட்டதிலா, 'வளக்க'த்திலா?