வானத்தைப் பார்க்காத சக்கரத்தண்ணாச்சி

சிவகாசி வட்டாரத்தில் வானத்தை அண்ணாந்தே பார்க்காத பட்டாசுக்காரர் ஒருவர் இருந்தார் என்றால் அது எங்கள் சக்கரத்தண்ணாச்சி ஒருவர்தான். ஊரே தலைக்கு மேல் பூப்பூவாய் வெடிப்பதைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும்போது, அவர் மட்டும் காசைத் தொலைத்தவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொட்டு மருந்து போட வேண்டும், மேலே பாருங்கள் என்று விருதுநகர் கண் டாக்டர் சொன்னதற்கு, "அது நம்ம லைன் இல்லையே டாக்டர்" என்று சொன்ன மனிதர்.

நாரணாபுரம் பக்கம் இருந்த ஒரு கம்பெனியில் அவர் தரைச்சக்கரத்துக்குப் பொறுப்பு. நான் லேபிள் வரைபவன். புது ஐட்டம் கண்டுபிடிக்கிற வேலை பேருக்கு அவருடையது, உண்மையில் என்னுடையது. போன வருடம் புலி போட்ட டப்பாவுக்கு இந்த வருடம் சிங்கம் போட்டால் அதுதான் புது ஐட்டம். உள்ளே இருப்பது அதே சரக்கு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் சீசனை ஓட்டுகிறார்கள்.

"கம்பெனியோட அம்புட்டு ஆராய்ச்சியும் நீதாம்லே பண்ணுற" என்று என் பிரஷ்ஷைப் பார்த்துக் கும்பிடுவார் அண்ணாச்சி.

முதலாளிக்குப் பறக்கிற ஆசை. "பக்கத்துக் கம்பெனியில மயில் பறக்குது, ஹெலிகாப்டர் பறக்குது. நம்மகிட்ட என்னய்யா பறக்குது?" என்பார்.

"நம்மகிட்ட ஒண்ணும் பறக்காது மொதலாளி. சுத்தும். நமக்குத் தெரிஞ்சது அதுதான். அதுலயே இன்னும் தோண்டுவோம்."

முதலாளி கேட்கவில்லை. வெளியாள் ஒருவரை வைத்து ஹெலிகாப்டர் செய்தார். அது மேலே போகாமல் பக்கவாட்டில் போய் முதலாளியுடைய வேட்டியைத்தான் தேடியது. அண்ணாச்சி அப்போதும் தலை நிமிரவில்லை. "தரையிலதான வருது, நம்ம வகைதான்" என்று சமாதானம் சொன்னார்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. பட்டாசு மருந்தில் சேர்க்கிற பேரியம் உப்பு இனிக் கூடாது என்று கோர்ட்டு சொன்னபின் பழைய சக்கரத்தைச் செய்ய வழியில்லாமல் போனது. பல கம்பெனிக் கேட்டுகளில் பூட்டுத் தொங்கியது. முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"ஆடிப்பெருக்குப் பூசைக்கு டீலருக வருவாக. உங்க சக்கரத்துக்கு ஆர்டர் விழுந்தாச் சரி. விழலேன்னா சக்கர ஷெட்டை மூடிர்றேன்."

அந்த ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் வருகிற பெண்கள். மருந்தடைத்த காகிதக் குழாயைச் சக்கரமாகச் சுருட்டுவது அவர்கள் கை. ஷெட் மூடினால் வேன் வராது. வேறு எங்கும் ஆள் எடுக்கவும் இல்லை. அண்ணாச்சி அதன் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. மருந்தை மாற்றி மாற்றி, ஷெட்டுகளுக்குத் தள்ளியிருந்த சிமெண்டுக் களத்தில் சுற்றவிட்டுக் குனிந்தே நிற்பார். வீட்டுத் தரையெல்லாம் கரி வட்டம். அவர் மனைவி கோலம் போடுவதையே விட்டுவிட்டார்.

ஆடிப்பெருக்கு வந்தது. பூசை முடிந்து, டீலர்கள் முன்னால் அண்ணாச்சி ஒரு சக்கரத்தைப் பற்ற வைத்தார். புகையே இல்லை. வெள்ளி வட்டமாய்ச் சுற்றியது. சுற்றியது. டீலர்கள் உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு, விலை பேசி, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மதுரை டீலர் தாடையைத் தடவினார்.

"அண்ணாச்சி, சரக்கு அருமை. ஆனா இது எப்ப நிக்கும்?"

"எதுக்கு நிக்கணும்?"

"இது இம்புட்டு நேரம் சுத்துனா பிள்ள அடுத்ததை எப்பப் பத்த வைக்கும்? ஒரு டப்பாவுலயே தீவாளி முடிஞ்சிருமே. ரெண்டாவது டப்பாவ எவன் வாங்குவான்?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். "பாதியாக் கொறைச்சிருங்க, மருந்தும் மிச்சம்" என்றார் முதலாளி.

அண்ணாச்சி சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள்.

"கொறைச்சா ஷெட்டை மூட மாட்டீகளே?"

"ஆர்டர் விழுந்தா எதுக்கு மூடப்போறேன்?"

"சரி மொதலாளி."

மறுநாள் குழாயின் நீளத்தை அவரே பாதியாக வெட்டிக் காட்டினார். "நல்லாத்தான சுத்துச்சு, ஏன் அண்ணாச்சி கொறைக்கச் சொல்றீக?" என்று ஒரு பெண் கேட்டாள். "யாவாரம்மா" என்றார். அவ்வளவுதான். நீளச் சக்கரம் ஒன்று மிச்சம் இருந்தது. சாயங்காலம் வேன் கிளம்பும்முன் அதைக் களத்தில் பற்ற வைத்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். அது நிற்கும்வரை யாரும் வேனில் ஏறவில்லை, டிரைவரும் ஆரன் அடிக்கவில்லை.

அடுத்த கோடையில் அண்ணாச்சி நெஞ்சுச் சளியில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டார். வேன் இன்னும் வருகிறது. சக்கரமும் நன்றாக விற்கிறது. டப்பா மேல் நான் வரைந்த மயில் இருக்கிறது, அவர் பெயர் எங்கும் இல்லை.

தீபாவளிக்கு என் மகள் அதைத்தான் கொளுத்துகிறாள். "என்னப்பா, அதுக்குள்ள நின்னுருச்சு?" என்று முகம் சுருங்குகிறாள். டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.